கேசட்டின் கடைசியில் ஒரு குரல்

என் கணவர் துபாயில் இருந்தார். கேசட்டில் பேசிப் பதிந்து, அங்கே போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் வழக்கம். ஒருமுறை பேசி முடித்து சலாம் சொன்னவள், சோறு தீயும் வாடை வரவும் டேப்ரிக்கார்டரை நிறுத்தாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டார்.

"கேசட்டு கடைசியில உன்னை யாரோ ஏசுறாங்களே. 'சனியனே, ஒரு சோறாக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்கு உசுரோட இருக்க'ன்னு. யாரு அது? எங்கம்மாவா?"

மாமி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அன்று வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். என் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"யாருமில்ல மச்சான்" என்றேன்.

இன்றும் கை தவறி ஒரு டம்ளர் விழுந்தால் அந்தக் குரல் எனக்குள் கிளம்பிவிடுகிறது. அவரைப் போலவே "யாரு அது?" என்று கேட்டுப் பார்க்கிறேன். சில நாள் அடங்குகிறது, சில நாள் அடங்குவதில்லை.