வேன் நின்ற இருபது நிமிடம்

ஈரம் முழுக்கக் காயாத துணிமேல் சூடான இஸ்திரிப்பெட்டி இறங்கும்போது ஒரு வாசம் எழும். பாதி ஆவி, பாதி பொசுங்கல். எங்கள் தெருமுனையில் தேய்ப்பு வண்டி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகிறது. அந்த வாசத்துக்கு என்னிடம் ஒரே நேரம்தான் உண்டு. காலை ஏழு ஐம்பது. ஆயத்த ஆடைக் கம்பெனியின் வாசலில் வேன்கள் வந்து நிற்கும். பெண்கள் இறங்கி, சுவரில் பதித்த, வருகை பதியும் கண்ணாடிச் சில்லுக்கு முகத்தைக் காட்டி, அது பச்சை ஒளி காட்டியதும் உள்ளே போவார்கள். உள்ளே நீராவி இஸ்திரிகள் சீறத் தொடங்கியிருக்கும். அந்தச் சீறலுக்கு நடுவே, சாரல் மாதங்களில் மட்டும், ஈரத் தலைமுடியின் வாசமும் வரும்.

அந்த வாசத்தை நான் சந்தேகப்படவில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். மூக்குக்கு நேரே இருந்ததை விட்டுவிட்டேன்.

சந்தேகப்படுவதுதான் அப்போது என் வேலை. போக்குவரத்துப் பிரிவு என்று கதவில் எழுதியிருந்தது. கம்பெனி செங்கோட்டைச் சாலையில் இருந்தது. ஒன்பது வேன்கள் எட்டுத் திக்கிலிருந்தும் பெண்களை அள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு வேனுக்குள்ளும், அது எங்கே இருக்கிறது என்று சொல்ல, அந்த வருடம்தான் மாட்டிய தீப்பெட்டி அளவுக் கருவி. என் மேசைமேல் ஒரு திரை. திரையில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள். புள்ளி நகர்ந்தால் நல்லது, நின்றால் நான் கேட்க வேண்டும். கவிதை எழுதுகிறவன் புள்ளியைப் பார்த்துச் சம்பளம் வாங்கலாமா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். முற்றுப்புள்ளியும் புள்ளிதானே என்று சொல்லிச் சிரித்து வைப்பேன். சிரிப்பு வராது.

பழைய காலம் நல்ல காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் நடவுக்குப் போனபோது வரப்பில் நின்று ஒருவர் தலைகளை எண்ணினார். இப்போது கண்ணாடி எண்ணுகிறது. இவ்வளவுதானா மாற்றம் என்று ஒருநாள் தோன்றும். இல்லை, நடவுப் பெண்கள் யாருக்கும் சொந்தப் பெயரில் வங்கி அட்டை இருந்ததில்லையே என்று மறுநாள் தோன்றும். வயல்களில் காற்றாலைகள் வந்து நின்றுவிட்டன. விடியுமுன் மனைவிகள் வேனேறிப் போக, கணவர்கள் பிள்ளைகளுக்குச் சடை பின்னப் பழகிக்கொண்டார்கள். பின்னி முடித்துவிட்டு டீக்கடைக்கு வந்து வேனைப் பற்றிப் பேசினார்கள்.

"டிரைவர் பக்கத்து சீட்டுல எவ உக்காருதான்னு தெரியுமால?"

"கண்ணாடிக்கு எதுக்குலே திரை போட்டு மூடுதான்?"

திரை என்று அவர்கள் சொன்னது வீரகேரளம்புதூர் பக்கமிருந்து வரும் வேனை. அது எனக்கும் உறுத்தியது. மற்ற எட்டு வேன்களும் பகல் முழுக்க மரத்தடியில் கண்ணாடி தெரிய நிற்கும். அந்த ஒன்றில் மட்டும் திரை இழுத்திருக்கும். அதை ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு மினி பஸ் ஓட்டியவர். கம்பெனிக்குள் என்னை 'சார்' என்பார், வாசலைத் தாண்டினால் 'தம்பி'. நான் அவரை அழைப்பது இரண்டு இடத்திலும் 'அண்ணாச்சி' என்றுதான்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிய வாரம், அவர் வேனின் புள்ளி பாதையை விட்டு விலகியது. தென்காசி தாண்டி, இலஞ்சியிலிருந்து நேரே வராமல் குற்றாலம் பக்கம் திரும்பியது. இருபது நிமிடம் நின்றது. பிறகு வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

முதலில் டீசல் என்று நினைத்தேன். ஒதுக்குப்புறமாக நிறுத்திக் குழாய் போட்டு உருவி விற்பது இந்தச் சாலையில் யாரும் கேள்விப்படாத சங்கதியல்ல. ஆனால் வேன் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. நேரக் குறிப்பைப் பின்னோக்கிப் பார்த்தேன். கிளம்ப வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே அது கிளம்பியிருந்தது. இது என்னை இன்னும் கலக்கியது. முன்கூட்டியே எழுந்து வந்து செய்யும் களவு எது? உள்ளே இருக்கும் இருபது சொச்சம் பெண்களும் அதற்கு உடன்பட்டு எழுந்து வருகிறார்களா?

மேலாளரிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். அவர் வெளியூர்க்காரர். திரையைத் தொட்டுப் பெரிதாக்கினார். புள்ளிக்குப் பக்கத்தில் வரைபடம் தானாக ஒரு தங்கும் விடுதியின் பெயரைக் காட்டியது. சீசனில் குற்றாலத்தில் எங்கே நின்றாலும் ஏதாவதொரு விடுதிக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஊர்க்காரனான எனக்கு அது தெரியும். தெரிந்தும், அந்த நொடியில் அந்தப் பெயரைத்தான் நானும் படித்தேன்.

"லாட்ஜுங்களா?" என்று மேலாளர் சிரித்தார். "நாளைக்குள்ள எழுத்துல குடுத்துருங்க. வண்டி ஏன் நின்னுச்சுன்னு ஒரு வரி போதும். ஆளை மாத்திரலாம்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேனில் வரும் ஒவ்வொரு முகத்தையும் நினைவில் கொண்டுவந்து, அந்த விடுதியின் வாசலில் நிறுத்திப் பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு இலஞ்சியில் காத்திருந்தேன். சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. வேன் வந்தது, திரும்பியது. இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். விடுதியைத் தாண்டியது. நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போய், ஐந்தருவிக்குக் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றது.

வேனுக்குள் படியோரம் இருபது சொச்சம் ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. பெண்கள் வெறுங்காலோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் சோற்றுப் பை. அண்ணாச்சி அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் நேரத்தைப் பார்த்தபடி வேனுக்கு முன்னால் நின்றார். மேலே பெண்கள் பக்கத்து அருவியிலிருந்து கூச்சல் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதுபோல ஒரு கூச்சல். தையல் வரிசையில் வாய் திறக்காதவர்களின் கூச்சல் அது என்று நம்பச் சிரமமாக இருந்தது.

அவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். சொல்லி வைத்தாற்போல, உடை மாற்றிய பெண்கள் முடியைப் பிழிந்துகொண்டு ஓடி வந்தார்கள். சோற்றுப் பையின் அடியிலிருந்து வந்தது மாற்றுத் துணி. ஈரத் துணி வேனுக்குள் கட்டிய கொடிக்குப் போனது. பகல் முழுக்கத் திரைக்குப் பின்னால் காய்ந்தது அதுதான்.

முன்னால் வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டைக் காலர் தைக்கும் பிரிவில் இருப்பவள், நாற்பது வயதிருக்கும்.

"என்ன சார், நீங்களும் குளிக்கவா? ஆம்பளையளுக்கு அந்தப் பக்கம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். "துண்டு கொண்டாரலையே, ஏட்டி, உன் துண்டக் குடு" என்று பின்னால் ஒரு குரல். பிறகு என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை அவள் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எழுதப் போறியளா?" என்றாள்.

நான் அட்டையைச் சட்டைக்குள் தள்ளினேன்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். இந்த அருவிக்கு ரெண்டே தடவ கூட்டிட்டு வந்தாக. ரெண்டு தடவையும் கரையில உக்காந்து பையப் பாத்துக்கிட்டேன், அவுக குளிச்சாக. அருவிக்குப் போறேன்னு சொன்னா வீட்ட விட்டு எறங்க முடியுமா? வேலைக்குன்னா எறங்கலாம்." முடியை முடிச்சிட்டாள். "வீட்டுல தெரிஞ்சா அருவிய மட்டும் நிறுத்த மாட்டாக சார். வேலையவே நிறுத்திருவாக."

அவள் வேனில் ஏறினாள். அண்ணாச்சி என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். மேலாளர் எழுத்தில் கேட்டிருப்பதை, விடுதி என்று அவர் சிரித்ததைச் சொன்னேன். அண்ணாச்சி கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

"லாட்ஜுன்னு போட்டியன்னா இதுல ஒரு பிள்ள ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. அருவின்னு போட்டியன்னா நாளைக்கு வண்டி காலியா வரும். ஒண்ணு செய்ங்க தம்பி. டீசல் உருவுதாருன்னு எழுதிருங்க."

"அண்ணாச்சி, உங்க பேரு கெட்டுப்போகுமே."

"டிரைவர் டீசல் உருவுதான்னா எவன் ஆச்சரியப்படப் போறான்? எம் பேர வச்சு எனக்கு இனிமே பொண்ணா பாக்கப் போறாக?" சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "வேல போவும். போனா வேற வண்டி" என்றார்.

அலுவலகம் வந்தேன். நேரே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எதற்கென்று கேட்காதீர்கள். அவர் வேனின் டீசல் அளவு காட்டும் கோட்டைத் திறந்து மூன்று மாதம் பின்னோக்கிப் பார்த்தேன். அருவியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகும் பார்த்தேன். ஒருவேளை உண்மையிலேயே உருவியிருந்தால் எழுதும் கை கொஞ்சம் லேசாக இருக்குமே என்று ஓர் ஆசை. கோட்டில் எங்கும் திடீர்ச் சரிவு இல்லை. ஓடிய தூரத்துக்கு எரிந்திருந்தது, அவ்வளவுதான்.

டீசல் என்று எழுதினேன்.

ஆதாரம் கேட்பார், அந்தக் கோட்டைக் காட்டச் சொல்வார் என்று நினைத்தேன். கேட்டால் உடைந்துவிடலாம் என்றுகூட ஒரு பக்கம் காத்திருந்தேன். மேலாளர் வரியைப் படித்தார். "அதானே பாத்தேன். டிரைவர்னாலே அப்படித்தானுங்க" என்று கையெழுத்துப் போட்டார். இத்தனை கருவிகள், இத்தனை புள்ளிகள். யார்மேல் எந்தக் குற்றம் பொருந்தும் என்பதை அதற்கெல்லாம் முன்பே யாரோ தைத்து வைத்துவிட்டார்கள். பொத்தான் மாட்டுவது மட்டும்தான் பாக்கி.

சாலையில் வேலை நடந்தது, சுற்றி வந்தார் என்று எழுதியிருக்கலாம். இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தோன்றியது. அல்லது அன்றே தோன்றி, விசாரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று நானே அதை அமுக்கினேனா? அவர் கேட்டதற்காக எழுதினேனா, எனக்குச் சேதமில்லாத பொய் என்பதால் எழுதினேனா? மற்றவர்களைக் கண்காணித்துப் பழகிய கண் உள்பக்கம் திரும்பினால் அதற்கு எந்தப் புள்ளியும் தெரிவதில்லை.

மறுநாள் அவர் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். அருவிக்குப் போகவில்லை. நேரே வந்தார். யாருடைய முடியிலும் ஈரம் இல்லை. காலர் தைக்கும் பெண் கண்ணாடிக்கு முகம் காட்டுமுன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நன்றியா, வெறுப்பா, தெரியவில்லை. கண்ணாடி அவளுக்குப் பச்சை ஒளி காட்டியது.

அண்ணாச்சி வேனுக்குள் போய்க் கொடியை அவிழ்க்கப் பார்த்தார். பிறகு அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். சாவியை என் கையில் வைத்தார். வாசலைத் தாண்டிச் சாலை ஓரம் வரை கூடவே போனேன்.

"இனி எங்கன அண்ணாச்சி?"

"புளியங்குடியில எலுமிச்ச லோடு. கேரளாவுக்கு. ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அந்த வண்டியிலயும் கருவி இருக்குமா?"

"இருந்துட்டுப் போவுது. எலுமிச்சங்கா குளிக்கணும்னு கேக்கப்போறதில்லல்லா."

செங்கோட்டையிலிருந்து பஸ் வந்தது. கை காட்டினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் பக்கத்துப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, புது டிரைவருகிட்ட மறக்காம ஒண்ணு சொல்லிருங்க. அங்கன கல்லெல்லாம் பாசி. பிள்ளைகள செருப்ப வண்டியிலேயே விட்டுட்டு எறங்கச் சொல்லணும்."