கடைசி இருபதடி

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இனி சைக்கிளைத் தொடவே கூடாது என்று வெல்டரிடம் சொன்னார். அவருக்குச் சுர்ரென்று ஏறியது. சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் சைக்கிள் ஒன்றைத் தன் பட்டறையிலேயே பற்றவைத்து, மலைப்பாதையில் ஏறினார். வளைவுக்கு வளைவு தங்கள் காரை நிறுத்தி, "ஐயோ பாவம், ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டவர்களை முறைத்துவிட்டு மிதித்தார்.

உச்சிக்கு இருபதடி இருக்கையில் சைக்கிள் திடீரென்று லேசானது. திரும்பினால், மனைவியின் தம்பி பைக்கில் பின்னாலேயே வந்து, இறங்கி, சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உன்னை யாருடா தள்ளச் சொன்னது?"

"மூச்சு வாங்குனீங்களே மாமா..."

"மூச்சு என்னுது. உனக்கு எங்கடா வலிக்குது? இனிமே பின்னால வந்தே, கையை ஒடிச்சிருவேன்!"

சைக்கிளைத் திருப்பி, ஏறிவந்த பதினான்கு வளைவையும் இறங்கி, அடிவாரத்திலிருந்து மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.