ஒரு ஜாமீன் மனுவும் இரண்டு கோபங்களும்

சாமளாபுரத்தில் தறி ஓட்டும் ஒருவர் அடிதடி வழக்கில் சிறையில் இருந்தார். அவருக்காக ஜாமீன் கேட்டவர் என் சீனியர். நான் அவரிடம் சேர்ந்த புதிது. அந்தத் தறிக்காரரின் மனைவி நிறைமாத வயிற்றோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“ஸ்டேஷன்ல இருந்து ஃபைல் வரலீங்கய்யா. வாய்தா வேணுங்க” என்றார் அரசு வக்கீல்.

“போன தடவையும் இதேதான். நீங்க அரசு வக்கீலா, போலீசுக்குத் தபால்காரரா?” என்றார் நீதிபதி.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இன்னும் நாலு வாங்கட்டும், ஜாமீன் நமக்குத்தான்! ஆனால் அரசு வக்கீல் முகம் சிவந்து, “அப்படீன்னா ஜாமீனைக் கடுமையா ஆட்சேபிக்கிறேனுங்க. பதிவு பண்ணிக்கோங்க” என்றார். நீதிபதி பேனாவை மூடினார். பின்னால் அந்தப் பெண் பதறி எழுந்தார்.

அப்போதுதான் சீனியர் வாயைத் திறந்தார். “ஐயா, தப்பு அவரு மேல இல்லீங்க. காலைல இருந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டுட்டே இருந்தாருங்க, நானே பாத்தனுங்க.”

எதிராளிக்கே பரிந்து பேசுகிறாரே என்று எனக்குப் பகீரென்றது. நீதிபதியின் குரல் இறங்கியது. அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். “சரி, நீங்க என்ன சொல்றீங்க?”

“ஆட்சேபணை இல்லீங்கய்யா” என்றார் அரசு வக்கீல். நீதிபதி பேனாவைத் திறந்து ஜாமீன் உத்தரவை எழுதினார்.

வராந்தாவில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏங்கண்ணு, ஐயா என்னைய வறுத்தெடுக்கையில உனக்கு வாயெல்லாம் பல்லு!”

அதற்குள் அந்தப் பெண் வந்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல், அவரையே கும்பிட்டார். “எப்பங்க சாமி ஊட்டுக்கு விடுவாங்க?”

“நாளைக்கு வந்துருவாருங்கம்மா” என்றார் அரசு வக்கீல்.