பதினான்காம் பிரிவு

ஆர்டிஸ் ஸ்கோக்மோவுக்குப் புது வருடம் பிறப்பது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. வசந்தத்தில் சட்டமன்றம் நிறைவேற்றுகிற சட்டங்களில் முக்கால்வாசி எங்கள் மாநிலத்தில் அன்றைக்குத்தான் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய வாரம், தான் வேலை பார்க்கும் வெண்டல் ரூட்டின் கான்கிரீட் கம்பெனியின் ஏழு லாரிகளையும் அவள் குடைந்து, இருக்கைக்கு அடியில் கிடக்கும் பழைய ஒப்பந்தப் படிவங்களை அள்ளிக்கொண்டு வந்து கிழிப்பாள். பிறகு லாரிக்கு ஒரு கட்டாகப் புதுப் படிவங்களை வைப்பாள்.

"நல்லா இருக்கிற பேப்பரை ஏன் தாயே கிழிக்கிறே?" என்பார் வெண்டல், வருடம் தவறாமல்.

"பேப்பர் நல்லாத்தான் இருக்கு. அதுல எழுதின சட்டம் செத்துப்போச்சு."

அலுவலகத்தில் அவளைச் சீண்டாத ஆள் கிடையாது. சீண்டுகிறவர்களுக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. முன்பு அவள் தம்பி கோர்டியின் கூரை போடும் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் கட்டிய சாரம் சரிந்து இரண்டு பேருக்கு முதுகு போயிற்று. தப்பு முழுக்க அந்த நிறுவனத்துடையது. ஆனால் அந்த நிறுவனத்தோடு கோர்டி போட்ட ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு, யார் தப்புச் செய்தாலும் பொறுப்பு கோர்டியுடையது என்றது. கம்பெனி போயிற்று, ஏரிக்கரை வீடு போயிற்று. இன்றைக்கு கோர்டி கடைத்தெருவில் அடுத்தவன் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறான். அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் பின் அடித்து, "இங்க கையெழுத்துப் போடுடா" என்று நீட்டியவள் ஆர்டிஸ். தம்பி ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவளை அரித்தது.

அன்றிலிருந்து அவள் படிக்காமல் எதையும் நீட்டுவதில்லை. சட்டமன்றத்துக்குப் பன்னிரண்டு வருடம் கடிதம் எழுதினாள். இந்த மார்ச்சில் பனியில் நான்கு மணி நேரம் காரோட்டிப் போய், சட்டமன்றக் குழுவின் முன்னால் இரண்டு நிமிடம் பேசினாள். தலைவர் பாதி நேரம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் சட்டம் நிறைவேறிவிட்டது. தன் தப்பை ஒப்பந்தம் போட்டு அடுத்தவன் தலையில் கட்ட இனி முடியாது. ஆகஸ்ட் ஒன்றிலிருந்து கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு மட்டும்.

ஜூலைக் கடைசியில் வெண்டலுக்கு அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய வேலை வந்தது: ஊரின் புதுப் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம். பள்ளிக்கூடம் கட்டும் வேலையை மொத்தமாக எடுத்திருந்தது அரிசோனா நிறுவனம் ஒன்று. ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம். ஆர்டிஸ் நேராகப் பதினான்காம் பிரிவைப் புரட்டினாள். அதே வாசகம், ஒரு சொல் மாறவில்லை.

"இதை எடுக்கச் சொல்லுங்க, வெண்டல்."

"கேட்டாச்சு. முடியாதுன்னுட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணுமாம். இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா பதினோரு குடும்பம் என் மூஞ்சியைத்தான் பார்க்கும்."

"கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவங்க கிரேன் எதையாவது இடிச்சாலும் அதே பதினோரு குடும்பம்தான்."

வெண்டல் நல்ல மனிதர்தான். ஆனால் வெளியூர்க்காரரிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழாத மனிதர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பிறவி வியாதி.

வெள்ளிக்கிழமை ஜூலை முப்பத்தொன்று. இரண்டு மணிக்கு பிரென்ட் காலவே என்ற இளம் மேலாளர் ஒப்பந்தத்தோடு வந்தான். நாலரைக்குக் கிளம்பினால்தான் விமானத்தைப் பிடிக்கலாம். ஏன் இன்றைக்கே கையெழுத்து என்று தலைமை அலுவலகம் அவனுக்குச் சொல்லவில்லை. ஆர்டிஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் காபியும், புளிப்பான ருபார்ப் தண்டு போட்டு அன்று காலையில் சுட்ட கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம் மேடம், நேரமில்லை" என்றான்.

 எங்கள் ஊரில் இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை, மூன்றாவது தடவை சொன்னால் அவமானம். ஆர்டிஸ் மூன்று தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவை வெண்டலின் முகம் சுண்டுவதைப் பார்த்துவிட்டுப் பையன் உட்கார்ந்தான்.

"வெண்டல், போன வாரம் பிடிச்ச மீனைப் பத்திச் சொன்னீங்களா இவர்கிட்ட?"

அவ்வளவுதான். மீன் கதை மூன்றேகால் வரை நீண்டது. பிறகு ஒப்பந்தம். வெண்டலுக்குக் கண்ணாடியில்லாமல் எழுத்து தெரியாது. ஆகவே ஆர்டிஸ் உரக்கப் படித்தாள், நாற்பத்திரண்டு பக்கத்தையும், பிரார்த்தனை வாசிப்பதுபோல நிதானமாக. இருபதாம் பக்கத்தில் மறுபடி காபி. நாலரைக்கு இருபத்தாறாம் பக்கம்.

பிரென்ட் எழுந்துவிட்டான். "பத்தாம் தேதி வேலை தொடங்கணும். குளிர்காலத்துக்கு முன்னாடி கான்கிரீட் போட வேற ஆளும் கிடையாது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. தேதி மட்டும் இன்னைக்குத் தேதி போட்டுடுங்க மேடம்."

"என்னைக்குக் கையெழுத்தோ அந்தத் தேதியைத்தான் போடுவேன் தம்பி. பொய்த் தேதி நமக்குப் பழக்கமில்லை."

"ஏதோ ஒரு தேதி" என்று, அவள் கட்டிக் கொடுத்த கேக்குப் பொட்டலத்தோடு ஓடினான்.

கார் திரும்பி மறைந்ததும் வெண்டல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் கண்ணாடி எங்கே ஆர்டிஸ்?"

"என் மேஜை டிராயர்ல. பத்திரமா இருக்கு."

ஆகஸ்ட் மூன்றாம் தேதியிட்ட ஒப்பந்தம் அரிசோனா போயிற்று. அங்கே யாரும் தேதியைப் பார்க்காமலே எதிர்க்கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவது சின்னக் கம்பெனிகளின் ஏகபோகம் இல்லை என்று தெரிந்ததில் ஆர்டிஸுக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அக்டோபரில் அவர்களுடைய கிரேன் இரும்பு உத்திரக் கட்டைத் தவறவிட்டது. வெண்டல் எழுப்பிய அஸ்திவாரச் சுவர் முப்பது அடி நொறுங்கி, ஒருவனுக்குக் கால் முறிந்தது. பத்தே நாளில் வக்கீல் கடிதம் வந்தது: பதினான்காம் பிரிவின்படி எல்லாப் பொறுப்பும் உங்களுடையது. வெண்டல் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

ஆர்டிஸ் ஒரே பக்கத்தில் பதில் தட்டினாள். சட்டத்தின் எண், அது அமலுக்கு வந்த நாள், ஒப்பந்தம் கையெழுத்தான நாள். கீழே, "வணக்கத்துடன்". அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் இரண்டே வரி. கோரிக்கையை விலக்கிக்கொள்கிறோம். அன்று மதியம் வெண்டல் பதினோரு பேரையும் கூட்டி, "இந்தப் பொம்பளையைக் கிண்டல் பண்றவன் இனிமே என்கிட்ட பதில் சொல்லணும்" என்றார். "முதல்ல நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஆர்டிஸ். கூரை அதிரச் சிரித்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் விளையாட்டு அரங்கத்துக்கான ஒப்பந்தம் அதே நிறுவனத்திடமிருந்து வந்தது. அவள் பதினான்காம் பிரிவைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைத்தெருவுக்கு நடந்தாள். கோர்டி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா?"

"படிச்சுப் பாருடா."

அவன் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். பதின்மூன்றும் பதினைந்தும் நெருக்கமான எழுத்தில் இருந்தன. நடுவில், "14. இந்தப் பிரிவு வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது."

அந்த வரியின் மேல் விரலை ஓட்டினான். பிறகு அக்காவின் தோளில் கைவைத்தான்.

"இதுல கையெழுத்துப் போடலாம்க்கா."