கப்பல் வந்து சேரும் பக்கம்

மழை விட்டதும் எங்கள் வேலிக்கம்பியில் ஒரு வண்ணாத்திக்குருவி வந்து உட்காரும். கறுத்த உடம்பு, வெள்ளை வயிறு, எந்நேரமும் தூக்கிய வால். மலாய்க்காரர்கள் முராய் என்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்கிறார்கள். பாடத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பாட்டை நான் எத்தனை காலம் திட்டியிருக்கிறேன் என்பது எனக்கும், மூவாரில் இருக்கிற என் தோழிக்கும்தான் தெரியும்.

அப்போது நான் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய கெட்ட காலம் முடிந்து, எல்லா மர நிரையிலும் மறுபடி வெட்டுத் தொடங்கியிருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிது. என் நிரைக்குப் பக்கத்து நிரை என் தோழியுடையது. நாங்கள் குடியிருந்த லயத்திலும் பக்கத்து வீடு. அவளிடம் ஒரு புத்தகம் இருந்தது. அவளுடைய அப்பா ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் கொண்டுவந்தது. அட்டையும் இல்லை, முன்பக்கங்களும் இல்லை. அதனால் அதற்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியாது. எங்களுக்கு அது "மழைப் புத்தகம்".

காலையில் மழை பிடித்தால் மரப்பட்டை நனைந்துவிடும். நனைந்த மரத்தை வெட்டினால் பால் மங்குக்குள், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்துக்குள், விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே மழை விட்டுக் காயும்வரை லயத்திலேயே இருக்க வேண்டும். அந்த நேரம் எங்களுடையது. பெண்கள் எல்லாரும் அவள் வீட்டு வாசலில் கூடுவோம். அவள் ராகம் போட்டுப் படிப்பாள். கங்காணி கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நின்று வானத்தைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார். மழை விட்டதும் இந்தக் குருவி பாட ஆரம்பிக்கும். உடனே அவருக்கும் குரல் வந்துவிடும். "கிளம்புங்க புள்ளைங்களா, கிளம்புங்க!" அதோடு கதை முடிந்தது, அடுத்த மழை வரைக்கும்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அழுகைக் கட்டத்தில் புத்தகத்தை மூடக்கூடாது. சாவிலோ பிரிவிலோ நிறுத்தினால் அது படித்தவர் வீட்டில் வந்து உட்காரும் என்பது எங்கள் பயம். ஒரு பிறப்பு, ஒரு கல்யாணம், போனவர் திரும்பி வருவது, இப்படி ஒரு நல்ல இடத்தில்தான் மூடுவோம். அவள் எப்போதும் ஒரு கண்ணை வெளியே மழையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி வேகமாகவோ மெதுவாகவோ படித்துச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

அவளுக்கு மூவாரில் மாப்பிள்ளை அமைந்தது. மரச்சாமான் கடையில் வேலை. இங்கிருந்து புறப்பட்டு மறுநாள் விடிந்தால் அங்கே முகூர்த்தம். மதிய ரயிலைப் பிடித்து, சிகாமட்டில் இறங்கி, பஸ் ஏறிப் போக வேண்டும். புறப்படுகிற அன்று காலையில் நல்ல மழை. கடைசியாக ஒரு தடவை என்று புத்தகத்தை எடுத்தாள். அன்று அவளுக்கு மழை ஞாபகமே இல்லை போலிருக்கிறது. கதையில் கப்பலேறிப் போனவன் கடலில் முங்கிப்போனான் என்று சேதி வருகிறது, அவன் பெண்டாட்டி கரையில் விழுந்து புரளுகிறாள். நாங்கள் எல்லாரும் அழுகிறோம். எல்லாரையும்விட நான் சத்தமாக அழுகிறேன். அப்போது பார்த்துக் குருவி பாடியது.

"கிளம்புங்க!" என்றார் கங்காணி.

வாசல் ஒரு நிமிஷத்தில் காலி. நானும் வாளியைத் தூக்கினேன். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா, எனக்கு அத்தை முறை, வெளியே வந்தார்.

"எந்த இடத்துலடி நிறுத்துன?"

அவள் சொன்னாள். அத்தை முகம் வெளுத்துவிட்டது. "கல்யாணப் பொண்ணு வாயால இதப் படிச்சிட்டு அப்படியே வண்டி ஏறுறதா? நான் அனுப்ப மாட்டேன். அந்தப் பக்கத்தத் தாண்டினாத்தான் பயணம்."

"அப்ப உங்களுக்குப் படிச்சுக் காட்டுறேம்மா."

"நான் எங்க கேட்டேன்? அழுத ஆளுதான் சிரிக்கணும். இதோ நிக்கிறாளே, ஊருக்கே கேக்குற மாதிரி அழுதாளே, அவகிட்டப் போய்ப் படி!"

ரயிலுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கோ வேலைக்குப் போயாக வேண்டும். கடைசியில் அவள் புதுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகத்தோடு என் நிரைக்கே வந்துவிட்டாள். நான் ஒரு மரத்தில் பழைய ஒட்டுப்பாலை உரித்து, பட்டையைச் சீவி, மங்குக் கிண்ணத்தை வைத்து அடுத்த மரத்துக்கு ஓடுவேன். பின்னாலேயே படித்துக்கொண்டு ஓடி வருவாள். கொசு ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். கதையில் அழுகை குறைகிறதாகவே இல்லை. அந்தப் பெண் தாய்வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கிற இடம் வந்ததும், படிக்கிற குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் இவள் அழுகிறாள்.

"அலமாக்! நீயே அழுதா யாருடி படிக்கிறது?"

"எழுத்துத் தெரியலடி. கண்ணு மறைக்குது."

"குடு இங்க."

"நீயா?"

"ஏன், நான்தான்."

எனக்கு எழுத்துத் தெரியும். அவள்தான் வேலை முடிந்த பிறகு மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டியிருந்தாள். கொஞ்சம் நின்று நின்றுதான் வரும், இப்போது இதை எழுதுகிற மாதிரி. அவள் என் உளியை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி வளையல் குலுங்க, புதுப்புடவையோடு மரம் வெட்டினாள். நான் எழுத்துக்கூட்டினேன்.

கங்காணி வந்து நின்றார். "வேலைக் கணக்குல பேரு வெட்டின ஆளு மரம் வெட்டுறதா? நல்லாருக்கே நாயம்!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கப்பல் வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல மாமா."

"சீக்கிரம் படி. கணக்கெழுதுற கிராணி வந்துடுவாரு."

வேரில் குந்திக்கொண்டார். நான் "க... கடலுல... தூ... தூரத்துல..." என்று வந்தேன்.

"நீ படிக்கிறதுக்குள்ள அந்தக் கப்பலு இன்னொரு தடவ முங்கிடும் புள்ள!"

அவர் என்ன சொன்னாலும் நான் அவசரப்படவில்லை. ஒரு எழுத்தையும் விடவில்லை. கப்பல் பாயைத் தெரியவைத்தேன், கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்தேன், அவனை இறக்கினேன். அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்துவிட்டாள். கங்காணி மூக்கைத் துடைத்தார். என் தோழி உளியும் கையுமாக நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஓட்டம்தான். கங்காணியே "நீயும் போய் அனுப்பிட்டு ஓடியா" என்றார். மாட்டுவண்டி பூட்டி நின்றது. அத்தை முதலில் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எறங்கினானா?"

"எறங்கிட்டான் அத்தை."

"அவ பாத்தாளா?"

"பாத்தா."

"நீ சிரிச்சியா?"

"ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"அப்ப ஏறுடி வண்டியில!"

ரயில் கிடைத்தது, முகூர்த்தமும் தவறவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் இன்றும் அவளுக்கு நாற்காலி செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார், உட்காரத்தான் ஆள் போதவில்லை. நான் கைக்குழந்தையோடு மூவார் போனபோது, அந்தப் பக்கத்துக்கு அப்புறம் அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று தெரிந்தது. "நீ இல்லாம எப்படித் திறக்கிறது?" என்றாள். மீதியை அன்றே படித்தோம். வெளியே வெயில் காய்ந்தது. எந்தக் குருவியும் எங்களைக் கிளப்பவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கப்பல் வந்த பக்கத்தைத் தான்தான் படித்ததாக அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். மரத்தைப் பார்த்தால் யார் வெட்டியது, யார் படித்தது என்று தெரிந்திருக்கும். அன்று அவள் வெட்டிய மரங்களில் உளி ஆழமாக இறங்கிக் காயம் பட்டிருந்தது. கதையில் காதை வைத்துக்கொண்டு வெட்டினால் அப்படித்தான் ஆகும். புத்தகத்தில் நான் ஒரு காயமும் வைக்கவில்லை.