வேலை ஒப்படைக்கும் வாரத்தில் கர்த்தர் தர்சினியைத் தந்தார்

போன கார்த்திகை மழையில் என் குழுவில் வேலை செய்த ஒருத்தியின் தொடர்பு அறுந்து போயிற்று. அவள் பெயர் தர்சினி, நிறைமாதக் கர்ப்பிணி.

சபையாருக்கு என்னைத் தெரியும், என் வேலை தெரியாது. தன்னாமுனையிலிருந்து தினமும் மட்டக்களப்பு டவுனுக்குப் போய், ஒரு மென்பொருள் கம்பனியில் சிறு குழுவை நடத்துகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, நோயாளர்களுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். திங்கட்கிழமை அதை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த வேலை வராது. அடுத்த வேலை வராவிட்டால் இங்குள்ள கிளையை மூடுவோம் என்று கொழும்பில் இருக்கும் எங்கள் பணிப்பாளர் முன்பே சொல்லியிருந்தார். என் குழுவில் இருப்பவர்கள் என்னை நம்பி ஊரிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள்.

பழைய நோயாளர் விபரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பகுதி தர்சினியுடையது. கணவர் கட்டாரில். அதனால் கிரானுக்கு அப்பால் உள்ள தாய்வீட்டிலிருந்து வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு செய்தி அனுப்பினாள்: "அக்கா, வளவுக்குள்ள தண்ணி வந்துட்டு. கரண்டும் இல்ல." அதன்பிறகு அவளுடைய போன் வேலை செய்யவில்லை. தாயின் போனும் அப்படியே.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்காருவேன், எழும்புவேன், ஜன்னலுக்குப் போவேன். வெளியே வாவியும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. திரும்பி வந்து அவள் இலக்கத்தை அழுத்துவேன். தேத்தண்ணீர் ஆறிப்போனது. யாராவது ஏதாவது கேட்டால் பாதியில் எரிந்து விழுந்தேன்.

பணிப்பாளர் அழைத்தார். "தர்சினிட வேலைய வேற ஆருக்காவது குடுங்க. இண்டைக்கு ஒருத்தரையும் வெளிய விடாதீங்க. திங்கள் முக்கியம்."

"ஓம் சேர்" என்றேன். போனை வைத்தேன்.

சின்ன மீற்றிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முழங்காலில் நிற்க முயன்றேன், முடியவில்லை. மேசையைச் சுற்றி நடந்துகொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, திங்கட்கிழமை..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கினேன், மறுபடியும் நின்றது. பிறகு அழுகையோடு ஒரு பெயர்தான் வந்தது. "தர்சினி, ஆண்டவரே. தர்சினியும் பிள்ளையும். மற்றது உம்முடைய சித்தம்."

கதவைத் திறந்தபோது றிபாஸ் வெளியே நின்றான். ஓட்டமாவடிப் பிள்ளை, எங்கள் குழுவில் பரிசோதனை வேலை செய்பவன்.

"அக்கா, எங்கட மாமாக்கிட்ட போட் இரிக்கி. கிரான் ரோட்டுல ஆக்கள ஏத்தி இறக்கிறாராம். நான் போகட்டா?"

இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. அவன் தானாக வந்து நின்றான்.

"போ றிபாஸ். லைப் ஜக்கெட் இல்லாம ஏறாத."

"ஓம் அக்கா. நான் துஆக் கேட்டுட்டுத்தான் போறன். நீங்களும் ஜெபம் பண்ணுங்க."

அவன் போனதும் பணிப்பாளருக்கு விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று வைத்துவிட்டார். அடுத்து அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் பொறுப்பாளரை வீடியோவில் அழைத்தேன். அவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். திங்கட்கிழமை தர முடியாது, ஏனென்றால் எங்கள் பிள்ளை ஒருத்தி வெள்ளத்துக்குள் அகப்பட்டிருக்கிறாள் என்றேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த மணித்தியாலங்களை எப்படிச் சொல்வது? அலுவலகத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வேலை செய்யவில்லை. நான் படியால் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். ஒவ்வொரு படியிலும் "இயேசுவே" என்றேன்.

பின்னேரம் றிபாஸின் அழைப்பு வந்தது. காற்றும் எஞ்சின் சத்தமுமாய் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தெளிவாகக் கேட்டது.

"அக்கா, ஆள் கிடைச்சிட்டாங்க! பள்ளிக்கூட மாடியில நிண்டாங்க. வலி தொடங்கிட்டு. போட்ல கொண்டு வாறம். ரோட்டடிக்கு அம்புலன்ஸ அனுப்பச் சொல்லுங்க!"

அன்று மாலையே மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தர்சினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நான் போனபோது அவள் களைத்துக் கிடந்தாள். கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: "அக்கா, லப்டொப் நனைஞ்சிட்டு. திங்கள் என்ன செய்ற?"

"நீ சும்மா கிட" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சகோதரரே, எல்லாம் நான் நினைத்தபடி முடிந்தது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர் மேலும் சில நாள் தவணை தந்தார்கள், பிந்தி ஒப்படைத்தோம். ஆனால் அடுத்த வேலையை வேறு கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கிளை மூடப்படுமோ என்ற பயத்தோடு மார்கழி முழுவதும் அலைந்தேன். தை பிறந்த பிறகு சின்ன வேலையொன்று கிடைத்தது. அதில்தான் இன்றும் நிற்கிறோம். நான் கேட்டது உயிரை. அதைக் கர்த்தர் குறைவில்லாமல் தந்தார்.

இப்போது எங்கள் காலைக் கூட்டம் மாறிவிட்டது. எந்த வேலை எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு முன், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன். வேலையின் ஒவ்வொரு பகுதியும் இரண்டு பேருக்குத் தெரியும்படி பிரித்திருக்கிறேன். எவர் மீதும் முழுப் பாரமும் விழக்கூடாது.

இதை வாசிக்கிற யாராவது இன்று நிலைகொள்ளாமல் தவிக்கலாம். மனம் அடங்கிய பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திராதீர்கள். உங்களுக்குப் பிரியமான ஒருவரின் பெயரை மட்டும் கர்த்தரிடம் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் அறிவார்.