பொட்டலத்துக்குள் ஆட்டுக்கறி

இங்கே அயர்லாந்தில் ஆட்டுக்கறி ஒரு தட்டில் படுத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு சூப்பர்மார்க்கெட்டில் கிடக்கும். வந்த புதிதில் கடைப்பெண்ணிடம், இது இன்று காலையில் அறுத்ததா என்று கேட்டேன். அவள் பதறிப்போய் மேனேஜரை அழைத்து வந்தாள். அவர் பொட்டலத்தின் தேதியைக் காட்டி, அடுத்த வாரம்வரை கெடாது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நானோ பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இறைச்சி ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு நானும் மாறிப்போனேன். திருக்காட்டுப்பள்ளியில் ஞாயிறு பூசை முடிந்ததும், புழுதிக்கு நடுவே சாலையோரம் தொங்கும் ஆட்டின் முன் நாங்கள் வரிசையில் நின்றதை நினைத்தாலே கூசியது. தங்கை ஸ்டெல்லா, நகைகளை விற்றுத் தஞ்சாவூரில் கறிக்கடை போடப்போவதாகச் சொன்னாள். குளிரறை, கையுறை, பொட்டலம் என்று அயர்லாந்தையே போனில் இறக்கிவிட்டேன்.

திறப்புவிழாவுக்கு லீவில் போனேன். தெருவே வந்து ஏசியில் நின்று, சர்பத் குடித்து, வாழ்த்திவிட்டுப் போனது. கறியை மட்டும் யாரும் வாங்கவில்லை. அடுத்த நாள்களிலும் அதே கதைதான். ஸ்டெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ரோஸி அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"கடை சுத்தமாத்தான் இருக்கு தம்பி. ஆனா எந்த ஆடு, எப்ப அறுத்ததுன்னு ஒண்ணும் தெரியலையே. ஐஸ்ல வச்சதைப் பிள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?"

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், கண்ணெதிரே வெட்டுவதுதான் தரச்சான்று. ஆலையில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய எனக்கு அது தோன்றவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தோன்றியது.

"அண்ணே, குளிரறை இருக்கட்டும். பொட்டலம் வேணாம். விடியக்காலம் அறுத்த ஆட்டை முழுசாக் கண்ணாடிக்குப் பின்னால தொங்கவிடுவோம். கேக்குறதை அவங்க முன்னாடியே வெட்டிக் குடுப்போம்."

அந்த ஞாயிறு ரோஸி அக்காதான் முதல் ஆள். கண்ணாடியைத் தட்டி, "அந்தத் தொடையில போடும்மா" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது. ஸ்டெல்லா சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது கடை நன்றாக ஓடுகிறது. கூட இருந்து நடத்த என்னை வரச்சொல்கிறாள். நானும் அடுத்த வருடம் என்று வருடாவருடம் சொல்லிவருகிறேன். அவள் நம்புகிறாளா தெரியாது. ஞாயிறுதோறும் ஈரலில் ஒரு பங்கை அண்ணனுக்கு என்று எடுத்து வைத்து, மத்தியானம்வரை யார் கேட்டாலும் தருவதில்லையாம். பிறகு, கடைசியாக வருகிறவருக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்நேரம் இங்கே எனக்கு அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும்.